மகிழ்வூட்டுதலும் அறமாகுமோ?

பசித்தோர்க்கு உணவளிப்பது அறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நோயுற்றோரைச் சந்திப்பதும் துயருற்றோரைத் தேற்றுவதும் இரக்கச் செயல்கள் என்று சிறுவயதிலேயே மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால், மதிப்பிழந்து மனம் சோர்ந்து நிற்கும் மனிதரை ஓரிரவேனும் மகிழ்ந்திருக்கச் செய்வது அந்தப் பட்டியலில் இடம்பெறுமா? மகிழ்வூட்டுதல் அறத்தின்பாற்படுமா, அல்லது வெறும் கேளிக்கை என்று ஒதுக்கத்தக்கதா?

இவ்வினாவை ஆராய, நம் வாசகர் பலருக்கும் அறிமுகமில்லாத ஒருவரின் வாழ்வை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் பிராங்கி நக்கிள்ஸ். நள்ளிரவு நடன மன்றங்களில் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்வதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர். டி.ஜே. என்று இன்று நம் திருமண வீடுகளில்கூட வழங்கும் சொல் அத்தொழிலைத்தான் குறிக்கிறது. அவரைப் புனிதராகக் காட்டுவது நம் நோக்கமன்று. அவருடைய தொழிலில் நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உள்ளது, அவ்வளவே.

1955-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். 1977-இல் சிகாகோ நகருக்கு அழைக்கப்பட்டு, ஜெபர்சன் தெருவில் பழைய தொழிற்கட்டடம் ஒன்றில் இயங்கிய மன்றத்தில் பணியேற்றார். கிடங்கு என்று பொருள்படும் ‘வேர்ஹவுஸ்’ என்பதே அம்மன்றத்தின் பெயராயிற்று. அங்கே மது விற்கப்படவில்லை. பழச்சாறும் தண்ணீருமே கிடைத்தன. சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஆடல், ஞாயிறு பொழுது விடிந்த பின்னும் நீளும். வந்தவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், இலத்தீன் அமெரிக்க வழியினர்; அவர்களுள்ளும் மிகப் பலர் ஒருபால் ஈர்ப்புடையோர். நிறத்தின் பேரால் நகரத்தாலும், இயல்பின் பேரால் சொந்தக் குடும்பத்தாராலும் புறக்கணிக்கப்பட்டவர்கள் அவர்களிடையே இருந்தனர். நக்கிள்ஸும் அவர்களுள் ஒருவரே.

அக்காலச் சூழலை உணர்த்த ஒரு நிகழ்ச்சி போதும். 1979-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில் இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள் நடைபெற இருந்தன. டிஸ்கோ இசையை வெறுத்த வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் ஏற்பாட்டின்படி, அவ்விசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருவோர் 98 சென்ட் கட்டணத்தில் அனுமதிக்கப்பட்டனர். முதல் ஆட்டம் முடிந்ததும் குவிந்த தட்டுகளை மைதான நடுவில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்திற்குள் பாய்ந்தது; இரண்டாம் ஆட்டம் நடைபெறவே இல்லை. அது வெறும் வேடிக்கை என்றார் நடத்தியவர். அவ்விசையைப் பாடிய கறுப்பர் மீதும், அதற்கு ஆடியவர் மீதும் இருந்த வெறுப்பே வெடித்தது என்று பின்னாளில் பலர் எழுதினர். எது எப்படியாயினும், தாம் நேசித்த பாடல்கள் ஆரவாரத்தோடு நொறுக்கப்படுவதைக் கண்ட மனிதர்கள், தாங்களே நொறுக்கப்பட்டதாக உணர்ந்திருந்தால் அதில் வியப்பில்லை.

நொறுக்கப்பட்டதை நக்கிள்ஸ் என்ன செய்தார் என்பதே நமக்கு முக்கியம். பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிடத் தொடங்கிய நிலையில், அவர் பழைய பாடல்களைத் தூக்கி எறியவில்லை. ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, மூன்று நிமிடப் பாடலை நீண்டதாக்கினார். மெலிந்திருந்த தாளத்தை வலுப்படுத்தினார். பின்னர், டெட்ராய்ட் நகர இளைஞர் டெரிக் மே என்பவரிடமிருந்து மின்னணுத் தாளக்கருவி ஒன்றை வாங்கி, அதன் துடிப்பைப் பாடல்களுக்கு அடியில் ஓடவிட்டார். சுழலும் இரண்டு தட்டுகளின் வேகத்தையும் ஒன்றாக்கி, ஒரு பாடல் முடியுமுன்பே மற்றொன்றை அதனுள் நுழைப்பது அவர் கைத்திறன். ஆடுவோரின் கால்களுக்கு இடையூறே நேராது. இவ்வாறு பிறந்த இசை ‘ஹவுஸ்’ என்று பெயர் பெற்றது. வேர்ஹவுஸ் என்னும் பெயரின் கடைப்பகுதியே அது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஹவுஸ் என்றால் இல்லம். இல்லத்திலிருந்து விலக்கப்பட்டோர் ஆடிய இசைக்கு இல்லம் என்றே பெயர் அமைந்தது!

இத்தொழிலில் ஒரு தன்மறைப்பு உண்டு. பாடுபவர் வேறொருவர், ஒலிப்பது வேறொருவர் இயற்றியது. டி.ஜே. ஓர் ஓரத்தில் இருளில் நின்று, கூட்டத்தின் முகங்களைக் கவனித்து, அவர்களுக்கு அந்த வேளையில் எது தேவையோ அதை எடுத்துத் தருகிறார். தம் களஞ்சியத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் எடுத்துக் கொடுக்கும் வீட்டுத் தலைவரைப் பற்றி ஆண்டவர் கூறியது நம் நினைவுக்கு வருகிறது. தனக்குரியதைக் காட்டிக்கொள்வதைவிடப் பிறர்க்குரியதை அறிந்து கொடுப்பது அரிய பண்பு. விருந்தோம்பலின் இலக்கணமும் அதுவே அன்றோ?

‘இரவு மன்றங்களை இவ்வளவு உயர்த்திப் பேசலாமா? போதையும் ஒழுக்கக்கேடும் விளையும் இடங்களல்லவா அவை?’ என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. நக்கிள்ஸின் இளமைக்கால நண்பர் லாரி லெவன், நியூயார்க் நகரின் பாரடைஸ் கராஜ் மன்றத்தில் 1977 முதல் 1987 வரை ஈடிணையற்ற டி.ஜே.யாக விளங்கியவர். போதைப்பழக்கம் அவர் உடலைச் சிதைத்தது. 1992-இல், 38 வயதில் மாண்டார். எண்ணற்றோரை மகிழ்வித்தவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது போனார். ஆகவே, மகிழ்வு தருவதெல்லாம் நன்மையே என்று நாம் சொல்லவில்லை. மனிதரைத் தம்மிடமிருந்தே தப்பியோடச் செய்யும் மகிழ்வு ஒன்று. தம்மையும் ஒரு மனிதராக உணரச் செய்யும் மகிழ்வு மற்றொன்று. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கக்கூடும். களைகளின் பொருட்டுப் பயிரை இல்லையென்று சொல்லலாகாது.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதுபற்றி ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார். உடல் களைத்தால் ஓய்வு தேவைப்படுவதுபோல, உள்ளம் களைத்தால் மகிழ்வு தேவைப்படுகிறது என்கிறார். திருத்தூதர் யோவான் சீடரோடு விளையாடியதைக் கண்டு சிலர் இடறல்பட்டபோது, எப்போதும் வளைத்தே வைத்த வில் முறிந்துபோகும் என்பதை அவர் அவர்களுக்கு உணர்த்திய பழங்கதையையும் எடுத்துக்காட்டுகிறார். அளவும் நெறியும் பிறழாதவரை, மக்களை மகிழ்விக்கும் கலைஞர் தொழில் தன்னிலே பாவமன்று என்பது அவர் முடிவு. அதற்கும் மேலே ஒரு படி சென்று, தானும் மகிழாமல் பிறர் மகிழ்வுக்கும் தடையாக நிற்பதைக் குறை என்றே கணிக்கிறார்.

இங்கேதான் நம் வினா நம்மை நோக்கித் திரும்புகிறது. அருளிலிருந்து வீழ்ந்துவிட்டவர்களுக்கான கோவில் என்னும் பொருள்படத் தம் மன்றத்தைக் குறிப்பிட்டார் நக்கிள்ஸ். இதைத் தெய்வ நிந்தனை என்று வெகுள்வது எளிது. ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பதே கடினம். நடன மன்றம் கோவில் ஆகாது. அங்கே அருளடையாளம் இல்லை, மனமாற்றத்திற்கான அழைப்பும் இல்லை. ஆயினும், உள்ளே வா என்று சொல்லும் குரல் ஒன்று இருந்தது. பாலியல் ஒழுக்கம் பற்றிய திருச்சபையின் போதனையை நாம் இங்கு விவாதிக்கவில்லை. அப்போதனையை எடுத்துரைக்கும் மறைக்கல்வி நூலே, 1992-இல் வெளிவந்த அதே நூலே, ஒருபால் ஈர்ப்புடையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்றும், அநீதியான பாகுபாடு எதுவும் கூடாது என்றும் கற்பிக்கிறது. முதற்பகுதியை நினைவில் வைத்திருக்கும் நாம், இரண்டாம் பகுதியை ஏன் இவ்வளவு எளிதில் மறந்துவிடுகிறோம்?

நக்கிள்ஸுக்குப் பெருமைகள் காலந்தாழ்ந்து வந்தன. ரீமிக்ஸ் கலைஞருக்கென கிராமி விருது 1998-இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவரே. 2004-இல் ஜெபர்சன் தெருவின் ஒரு பகுதிக்குச் சிகாகோ நகரம் அவர் பெயரைச் சூட்டியது. 2014 மார்ச் 31 அன்று, 59-ஆம் வயதில் காலமானார். 2023-இல் அந்தப் பழைய கட்டடம் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர் செய்தது அறமெனில், விருதுகளால் அது அறமாகவில்லை. அவர் பெயரைக்கூட அறியாத ஓர் இளைஞன், தன்னை எவரும் இழிவாக நோக்காத ஓர் இடத்தில் விடியும்வரை நிமிர்ந்து நின்றானே, அப்போதே அது அறமாகிவிட்டது.

ஊதாரி மைந்தன் உவமையில், வயலிலிருந்து திரும்பிய மூத்த மகனின் காதில் முதலில் விழுந்தது ஆடல் பாடல் ஒலியே. அவன் சினந்து உள்ளே போக மறுத்தான். அவன் சொன்ன கணக்குகள் எதுவும் பொய்யல்ல. தம்பி சொத்தை அழித்தது உண்மைதான். எனினும் தந்தை வெளியே வந்து அவனையும் கெஞ்சி அழைத்தார். நம் பங்கின் திருவிழாவில், அன்பியக் கூட்டத்தில், குடும்பத்து நிகழ்ச்சிகளில் யார் யார் வெளியே நிற்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அவர்களை நாம் அழைக்காவிடில், வேறெவரோ அழைப்பர். அப்போது அந்த இல்லத்து இசையைக் குறைகூறும் உரிமை நமக்கு இருக்குமா?