அப்பாவின் தறி, அக்காவின் நாடா

ஆரணியைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களில் ஒரு பெரியவர் காலமானால், பதினாறாம் நாள் படத்திறப்பில் உறவினர்கள் தவறாமல் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: "ஒத்தத் தறிய வெச்சிக்கினு அத்தன புள்ளைங்களயும் கரையேத்தினாரு." பொய்யில்லை. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, விடிந்ததிலிருந்து மிதித்து மிதித்து முழங்காலும் முதுகும் போன மனிதருக்கு அந்தப் பெருமை சேரத்தான் வேண்டும்.

ஆனால் ஒத்தத் தறியில் ஒரே ஆள் நெய்வதில்லை. ஊடைக்குத் தார் சுற்றித் தருவது மனைவி. புதுப் பாவு வந்தால் அதன் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க, கண் நல்லாயிருக்கும் கைகள் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டால், மறுபக்கத்திலிருந்து கரை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள், பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை; பெரும்பாலும் மூத்த பெண். நெசவாளர் சொசைட்டிக் கணக்கில் பெயர் அப்பாவுடையது. கூலி விழுந்ததும் அவர் பெயரில். கடைசித் தம்பி கல்லூரி முடித்தது அந்தக் கூலியில்தான்.

கேள்வி இங்கேதான் எழுகிறது. மனதார நேசித்த ஒருவரை நினைக்கும்போது, அவரால் மற்றவர்கள் இழந்ததையும் சேர்த்து நினைப்பது துரோகமா?

செத்தவரால் பதில் சொல்ல முடியாது, அவர் குறையைப் பேசாதே என்பார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அவரையும் சின்ன வயதில் யாரோ தறிக்குழியில் இறக்கிவிட்டிருப்பார்கள். முன்பணக் கடன் கழுத்தை நெரித்திருக்கும். மகளின் படிப்பை நிறுத்தியது கொடுமையால் அல்ல, வேறு வழி தெரியாததால் என்றே இருக்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்லாமல் விடுவதால் பாதிக்கப்படுவது செத்தவர் அல்ல. அவர் படத்துக்குப் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கும் மகள்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் சம்புவராயர் தலைநகராக இருந்த படவேடு இந்த விஷயத்தில் மிகத் துணிச்சலான ஊர். அங்கே கோயில் கொண்ட ரேணுகாம்பாள் அம்மனின் கதையில் ஒரு குடும்பத் தலைவர் இருக்கிறார். ஜமதக்னி. கோபத்தில் தன் மனைவி ரேணுகாவின் தலையை வெட்டச் சொன்னார். மகன் பரசுராமன் வெட்டினான். பிறகு வரம் கேட்டு அவளை மீட்டான். ஊர் இதில் எதையும் பூசி மெழுகவில்லை. அம்மனின் சிரசைத்தான் கும்பிடுகிறது. கோயிலில் தரும் திருநீறோ, அதே ஜமதக்னி யாகம் செய்ததாகச் சொல்லும் இடத்து மண்ணிலிருந்து எடுப்பது. வெட்டச் சொன்னதையும் மறக்கவில்லை, அவர் வேள்விச் சாம்பலை நெற்றியில் இடவும் தயங்கவில்லை. ஆடி வெள்ளிகளில் அங்கே கூட்டம் கூட்டமாகப் போகும் குடும்பங்களுக்குத் தங்கள் வீட்டுப் பெரியவரை இப்படி நினைக்க முடியாது என்பதில்லை.

குருவைப் பற்றி உ.வே. சாமிநாதையர் எழுதியதும் இந்த வகைதான். 1876-இல் மறைந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934-இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அத்தனை ஆண்டு கழித்தும் பக்தி குறையவில்லை. ஆனாலும், ஆசிரியருக்குப் பிடிக்காததால் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்பதை விட்டுவிட்டதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதனால் பிள்ளையவர்கள் நம் கண்ணில் ஒரு அங்குலமும் இறங்கவில்லை. மாணவன் கொடுத்த விலை தெரிகிறது, அவ்வளவுதான்.

வெறும் பேச்சுக்கு ஏன் இத்தனை கவலை என்று தோன்றலாம். காரியம் முடிந்த சில மாதத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இதற்கு விடை கிடைக்கும். உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989-இல் மணமாகாத பெண்களுக்கும், 2005-இல் எல்லா மகள்களுக்கும் சம உரிமை வந்தது. இருந்தும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அக்காவிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். "அப்பா சம்பாதிச்ச வீடு, நீ கட்டிக்கினு போனவ." படத்திறப்பில் சொன்ன கதையே இங்கே வாதமாகிறது. அவள் நாடா தள்ளிய வருடங்கள் அந்தக் கதையில் இல்லாததால், பங்கு கேட்பவள் பேராசைக்காரியாகிறாள்.

அதற்காக, தந்தையை நேசித்த கூட்டத்தின் நடுவே பேரனோ மருமகனோ எழுந்து அவரைக் கூண்டில் ஏற்றுவது சரியாகாது. அடிபட்டவர் இருக்க, அடிபடாதவர் வழக்குத் தொடுப்பது எந்த ஊர் நியாயம்? அக்காவே பேச விரும்பாமல் இருக்கலாம். அப்பாவை அவள்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய வலியைச் சொல்லத் தம்பிக்கு உரிமையில்லை. ஆனால் தான் பெற்றதைச் சொல்ல உரிமையுண்டு, கடமையும் உண்டு. "எங்க அப்பா நெஞ்சாரு, எங்க அக்கா எதிர்ல குந்திக்கினு நாடா தள்ளிச்சி, நான் படிச்சேன்" என்று அவன் மைக்கில் சொன்னால் போதும். கையெழுத்துக் கேட்டு யாரும் அவள் வீட்டு வாசலுக்குப் போவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.