ஆழத்தில் ஓயாத கரம்



இன்றிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் நள்ளிரவுக்கு மேல் காசிமேட்டிலிருந்து புறப்படும். படகுக்கு வண்ணம் பூசி, இன்ஜினைப் பழுது பார்த்து, வட்டிக்கு வாங்கி டீசலும் ஐஸும் ஏற்றியிருக்கிறீர்கள். கிடைக்குமா, கிடைக்காதா என்ற கேள்வியோடு இந்தப் பீடத்தின் முன் நிற்கிறீர்கள்.

இன்றைய நற்செய்தியில் பேதுருவின் மனதிலும் அதே பாரம்தான். இரவெல்லாம் பாடுபட்டும் வலை வெறுமையாக வந்தது. வலையை அலசிக்கொண்டிருந்தவரை ஆண்டவர் ஆழத்துக்கு அனுப்புகிறார். நம்பிக்கை வைக்க மேல்தண்ணீரில் ஓர் அடையாளமும் இல்லை. ஆண்டவர் சொன்ன சொல் ஒன்றை நம்பித்தான் பேதுரு போனார்.

நம் வங்கக்கடலிலும் மேலே தெரிவது ஒன்று, அடியில் நடப்பது வேறு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் நன்னீர் கலந்து, வெயிலில் சூடான தண்ணீர் மேலே நிற்கிறது. உப்பும் குளிர்ச்சியும் மிகுந்த கனமான தண்ணீர் கீழே கிடக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில், தண்ணீருக்குள்ளேயே எழும்பும் அலைதான் உள்ளலை. அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்கு நடுவே கடலடி மேடுகளின்மேல் ஓதம் ஏறி இறங்கும்போது அது பிறக்கிறது. அந்தமான் கடலில் 80 மீட்டர் உள்ளலை பதிவானதாக 1965-லேயே எழுதியிருக்கிறார்கள். அதன் தலைக்கு மேலே தெரிவதோ சிற்றலைகளின் நீண்ட கோடு மட்டும். அந்தக் கோடுகளை 1975-ல் விண்கலத்திலிருந்து படம் எடுத்தார்கள். இந்த அலைகளில் ஒரு பங்கு வங்கக்கடலையே குறுக்காகக் கடந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் திருகோணமலைக் கரையைத் தொடுகிறது.

கண்டத்திட்டில் ஏறும்போதுதான் உள்ளலையின் வேலை விளங்கும். தரை மேடாக மேடாக அலை நிமிர்ந்து உடைகிறது. கீழ்த்தண்ணீரைத் திட்டின்மேல் தள்ளுகிறது. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் சத்து அதிகம். வெளிச்சம் படும் மட்டத்துக்கு அது வந்தால் நுண்பாசி பெருகும். பாசியைத் தின்னச் சிற்றுயிர் வரும், அதைத் தின்ன நெத்திலியும் கவலையும் வரும், அவற்றைத் துரத்திக்கொண்டு வஞ்சிரம் வரும்.

பேதுரு வலை வீசிய கெனசரேத்து ஏரியிலும் உள்ளலை உண்டு. கோடையில் பிற்பகல்தோறும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வீசும் காற்று மேல்தண்ணீரைத் தள்ளும். அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் மீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். ஆண்டவரின் அற்புதத்துக்குக் காரணம் காட்ட இதைச் சொல்லவில்லை. வலை வெறுமையாக வந்த இரவிலும் அவருடைய படைப்பு ஆழத்தில் ஓயவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மகன் குடியை விடவில்லை, கடன் அடையவில்லை, எத்தனை செபமாலை சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்று என்னிடம் வந்து அழுகிறீர்கள். மேலே அசைவு தெரியவில்லை என்பதற்காகக் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் காணாத தூரத்தில் தொடங்கிய அருள் உங்கள் கரையை நோக்கி வந்துகொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். ஆழத்து அலை நல்லதை மட்டும் சுமப்பதில்லை. அடியில் கிடக்கும் சேற்றையும் கழிவையும் கிளறிவிடும். கடலில் விழுந்தது கரைக்கே திரும்பும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையெல்லாம் ஒட்டிய எண்ணெயை வாளி வாளியாக அள்ளியதை நாம் மறக்கவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று கிழிந்த வலையையும் பிளாஸ்டிக்கையும் கழிவு ஆயிலையும் கடலில் விடாதீர்கள். ஆழம் ஆண்டவரின் பார்வைக்குள்தான் இருக்கிறது.

நம்பிக்கையோடு போங்கள். கிடைத்தவர்கள், கிடைக்காத படகுக்காரர் வீட்டுக்குச் சத்தமில்லாமல் உதவுங்கள். குப்பையைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கடலுக்குப் போகும் ஒவ்வொருவரையும் ஆண்டவர் பத்திரமாக வீடு சேர்ப்பாராக. ஆமென்.