செருக்கன்று, உவகை

அருகப் பெருமான் அருளிய அறநெறியில் நிற்கும் இல்லறத்தார்க்கு அடுக்களையும் ஓர் அறச்சாலையே ஆகும். "என் மகள் தானே குழம்பு வைக்கிறாள்", "என் மகன் பாயசம் காய்ச்சுகிறான்" என்று பெற்றோர் மகிழ்ந்து கூறுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அம்மகிழ்ச்சி இயற்கையானது. ஆயினும், அது எப்போது செருக்காகிறது, எப்போது உவகையாகிறது என்று ஆராய்ந்து கொள்வது நம் கடமை.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் எண்வகை மதங்களை நற்காட்சிக்குக் குற்றமென விலக்கினார். அறிவு, வழிபடப்பெறும் சிறப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடல் என்னும் எட்டினையும் பற்றி எழும் செருக்கே அம்மதங்கள். தமிழில் அருங்கலச்செப்பும் இவ்வறத்தையே நமக்கு உணர்த்துகிறது. மறுபுறம், உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் மைத்திரி, பிரமோதம், காருண்யம், மாத்தியஸ்தம் என நான்கு பாவனைகளைக் கூறினார். குணத்தால் உயர்ந்தோரைக் கண்டு உளம் மகிழ்தலே பிரமோதம். "என் பிள்ளை" என்று சொல்லும்போது "என்" என்ற சொல்லில் நம் மனம் நின்றால் அது மதம். பிள்ளையிடம் விளங்கும் குணத்தில் நின்றால் அது பிரமோதம்.

சமையலில் விளங்கும் குணம் யாது? உலக்கை, அம்மி, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் ஆகிய ஐந்தாலும் இல்லத்தில் சிற்றுயிர்களுக்கு ஊறு நேர்கிறது என்பர் நம் முன்னோர். இவற்றை முற்றிலும் விலக்கி இல்லறம் நடத்த இயலாது. ஆனால் விழிப்போடு நடத்த இயலும். நீரைத் தடித்த துணியால் வடிகட்டுதல், அரிசியையும் பருப்பையும் முறத்தில் இட்டுப் புழுபூச்சி பார்த்தல், கதிரவன் மறையுமுன் சமைத்து உண்டு முடித்தல், கொதிக்கும் கலத்தை மூடி வைத்தல் ஆகிய இவையே அடுக்களையின் அரிச்சுவடி. சுவை பின்னர் வரும். விழிப்பு முன்னர் வர வேண்டும்.

சிலப்பதிகாரம் இதற்கு நல்ல சான்று தருகிறது. கவுந்தியடிகளால் அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்ட கண்ணகியை, மாதரி தன் இல்லத்தில் வைத்துக் காத்தாள். கோவலன் சாவக நோன்பினன் என்பதனால், பகற்பொழுதில் உணவு ஆக்குதற்கு ஏற்ற நல்ல கலங்களைத் தருமாறு அவள் ஆய்ச்சியரிடம் கூறினாள். அவர்கள் அளித்தவை பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, நெல்லரிசி, பாற்பயன் என்பன. மண்ணுக்கடியில் விளைந்த கிழங்கு அவற்றுள் ஒன்றேனும் இல்லை. மாதரியின் மகள் ஐயை தீ மூட்ட, பெருவணிகன் மாநாய்கனின் மகளாகிய கண்ணகி, விரல் சிவக்க, முகம் வியர்க்க, கண் சிவக்கச் சமைத்தாள். செல்வத்தில் வளர்ந்தவளுக்கும் அடுக்களைத் தொழில் கைவந்திருந்தது. பிறர் நோன்பை மதித்துக் கலம் தந்த மாதரியின் பண்பும் நாம் போற்றத் தக்கதே.

இனி நம் பகுதிக்கு வருவோம். புதுச்சத்திரம், இராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களில் மரவள்ளி மிகுதியாக விளைகிறது. 1981ஆம் ஆண்டு சேலத்தில் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஜவ்வரிசி வாணிகத்திற்கு நிலையான சந்தை அமைத்தது. 2023ஆம் ஆண்டு சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உழவர்க்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் வாழ்வளிக்கும் பொருள் அது. எனினும், கிழங்கு விலக்கிய இல்லங்களில் அதுவே ஒரு வினாவாகிறது.

எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சப் பழகியிருந்தான். உறவினரை விருந்துக்கு அழைத்த தந்தை, "பாயசம் என் மகன் கைப்பாகம்" என்று எல்லோரிடமும் முன்னரே சொல்லி வைத்தார். விருந்துக்கு முந்தைய நாள், ஆலைக்குக் கிழங்கு ஏற்றிச் சென்ற லாரியைக் கண்ட சிறுவன், "அப்பா, நாம் கிழங்கு உண்பதில்லையே, கிழங்கை அரைத்துப் பாலெடுத்துத் திரட்டிய ஜவ்வரிசியை மட்டும் எப்படி உண்கிறோம்?" என்று வினவினான். தந்தைக்கு முதலில் சினமே எழுந்தது. விருந்தினரிடம் சொன்ன சொல் என்னாவது? சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நீ கேட்டது சரி, அப்பா. பச்சரிசியில் காய்ச்சு" என்றார். மறுநாள் பாயசம் சற்றே அடிப்பிடித்திருந்ததாம். ஆனால் அவர் மகனைப் பற்றிப் பேசிய பேச்சில் முந்தைய நாளின் பெருமிதம் இல்லை. வேறோர் அமைதியான மகிழ்ச்சி இருந்தது. ஜவ்வரிசி உண்ணும் குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. அவர்களைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. கைத்திறனைவிட வினாவைப் பெரிதாக மதித்த தந்தையின் உள்ளமே இங்குக் கருதத் தக்கது.

ஆதிபுராணம் கூறும் வச்சிரசங்கன் வரலாறு நாம் அறிந்ததே. அவனும் ஸ்ரீமதியும் காட்டில் இரு சாரண முனிவர்க்கு ஆகாரதானம் அளித்தனர். அம்முனிவர் தம் புதல்வரே என்பதைப் பின்னரே அறிந்தனர். அருகே நின்ற புலி, பன்றி, குரங்கு, கீரி ஆகிய நான்கும் உணவு சமைக்கவில்லை, தானம் கொடுக்கவும் இல்லை. அத்தானத்தைக் கண்டு உளம் மகிழ்ந்தன, அவ்வளவே. அந்த அனுமோதனையாலேயே அவை நற்கதி எய்தின. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றாலும் வினை சேரும் என்பது நம் ஆகமத் துணிபு. பிள்ளை விழிப்போடு சமைக்கும்போது உடன்மகிழும் பெற்றோர்க்கும் அப்புண்ணியத்தில் பங்குண்டு. விழிப்பின்றிச் சமைத்ததைப் பாராட்டினால், அப்பிழையிலும் பங்குண்டு.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலிற் கற்பித்த நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்பது. அடுக்களைக்கும் அதுவே பொருந்தும். நீர் வடிகட்டலும் அரிசி ஆய்தலும் முதற்பாடம். அடுப்பு மூட்டல் அதன்பின். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு வேண்டா. கடைப்பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று விட்டுவிடாது, உட்பொருள்களைப் படிக்கக் கற்பியுங்கள். கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் பச்சைப் புள்ளியே உண்டு. பிழை நேர்ந்தால் விருந்தினர் முன் சுட்டாதீர்கள். "சுவையாயிருக்கிறது" என்பதற்கு முன் "பார்த்துச் செய்தாய்" என்று பாராட்டுங்கள். ஆக்கியதில் முதற்பங்கைப் பிறர்க்கு அளிக்கப் பழக்குங்கள்.

அவ்வாறு வளரும் பிள்ளையைக் கண்டு மகிழுங்கள். அம்மகிழ்ச்சியில் மதமில்லை.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!