கால்துடுப்பும் தகுதி என்னும் வினாவும்

ஒரு கருவியை 'நல்லது' என்று சொல்லும்போது அந்த நன்மை கருவிக்குள்ளேயே உறைகிறதா, அதைக் கையாளுபவரின் உடலையும் நோக்கத்தையும் பொறுத்து அவ்வப்போது பிறக்கிறதா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கத்தி, பேனா போன்ற அன்றாடப் பொருள்களை வைத்து இதை ஆராய்வது வழக்கம். ஆயினும் முதுகில் காற்றுக்கலன் சுமந்து பொழுதுபோக்காகக் கடலடியைக் காணச் செல்லும் ஸ்கூபா முக்குளிப்போர் காலில் மாட்டிக்கொள்ளும் துடுப்பு, அதாவது 'ஃபின்', இவ்வாராய்ச்சிக்கு இன்னும் ஏற்றது. பேனா ஒத்துவரவில்லையென்றால் கீழே வைத்துவிடலாம். இருபது மீட்டர் ஆழத்தில் இருப்பவர் தம் துடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைத் தேட இயலாது.

நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதில் நகரும் உடலைத் தடுக்கும் இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகத்தை இரட்டிக்க விரும்புபவர் ஏறத்தாழ எட்டு மடங்கு திறனை, அதாவது நொடிக்கு எட்டு மடங்கு ஆற்றலை, செலவிட வேண்டும். அந்தச் செலவைத் தொடையும் கணுக்காலும் ஏற்கின்றன, கலனிலுள்ள காற்று அதற்கு விலையாகிறது. நீண்டு விறைத்த தகடு ஒவ்வொரு உதைப்பிலும் மிகுந்த நீரைத் தள்ளும் என்றாலும், அதை வளைக்கும் வலிமை இல்லாத காலுக்கு அது தசைப்பிடிப்பையே தரும். நடுவில் பிளந்த தகடு காலின் சுமையைக் குறைக்கிறது. ஆனால் தவளை உதைப்புக்கும், அதாவது கால்களை மடக்கி விரித்துப் பின்னோக்கித் தள்ளிச் சேர்க்கும் முறைக்கும், பின்பக்கமாக நகர்வதற்கும் அது போதிய பிடிப்பைத் தருவதில்லை. குதிகாலை மூடிய வகை வெதுவெதுப்பான கடலில் வெறுங்காலுக்குப் போதும். குளிர்நீரிலும் கல் நிறைந்த கரையிலும் தடித்த காலுறைமீது பட்டை கொண்டு இறுக்கும் குதிகால் திறந்த வகையே உதவும். எடையோ இன்னும் விந்தையானது: உடலை நனையவிடாத உலர் உடையின் கால்பகுதியில் காற்று தங்கிக் கால்களை மேலே தூக்கும்போது, நீரில் மூழ்கும் கனத்த ரப்பர் துடுப்பு அவற்றைக் கீழே நிறுத்தும் துணையாகிறது, அதே கனம் விமானப் பயணிக்கு வெறும் மூட்டைச் சுமை.

இதிலிருந்து, எல்லாம் அவரவர் விருப்பம் என்ற முடிவுக்குத் தாவுவோர் உண்டு. அது பிழை. மல்யுத்த வீரன் மைலோவின் உணவை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டியது இந்த இடத்தில்தான் பயன்படுகிறது: பத்து அளவு உணவு மிகுதி, இரண்டு அளவு குறைவு என்பதால் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு அளவை விதித்துவிடுவதில்லை, ஏனெனில் அந்த ஆறு மைலோவுக்குப் போதாது, பயிற்சி தொடங்குபவனுக்கு மிகை. ஆளுக்கு ஆள் மாறும் இந்த அளவை ஆளின் ஆசை தீர்மானிப்பதில்லை. உடலின் உண்மை நிலை தீர்மானிக்கிறது. சார்புடையது என்பதும் அகவயமானது என்பதும் வெவ்வேறு, தசைப்பிடிப்பு எவருடைய கருத்தும் அன்று. நோக்கத்துக்கும் இதே விதி பொருந்தும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் கல்லின் கனத்தால் கீழே இறங்கி, படகிலிருந்தோர் கயிற்றை இழுக்க மேலேறினர். நேர் கீழாகவும் நேர் மேலாகவும் சென்றுவரும் அத்தொழிலுக்குக் கல்லும் கயிறும் பொருந்தியதுபோலக் கிடைமட்டமாக உலவும் பொழுதுபோக்குக்குத் துடுப்பு பொருந்துகிறது.

நன்மை இவ்வாறு உடல், நீர், நோக்கம் ஆகியவற்றின் உறவில் இருக்குமாயின், அதை அறிபவர் யார் என்ற அடுத்த வினா எழுகிறது. 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் பிளேட்டோ இதற்கு விடை தருகிறார்: குழலைச் செய்பவனைவிட அதை ஊதுபவனே அதன் தரத்தை அறிகிறான், செய்பவன் அவனிடம் கேட்டே செய்ய வேண்டும். தெளிவான விடைதான், ஆனால் இன்னும் ஒருமுறைகூட ஊதாதவன் குழல் வாங்க வந்தால் அவன் நிலை என்ன? புதிதாக முக்குளிக்கக் கற்பவரின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியுள்ளது. பழகினால்தான் பொருந்தும் துடுப்பு எதுவென்று தெரியும், பழகுவதற்கோ ஏதேனும் ஒரு துடுப்பு வேண்டும்.

இந்தச் சுழலை இந்திய அளவையியல், அதாவது அறிவின் வாயில்களை ஆராயும் துறை, மிக நுட்பமாகக் கையாண்டுள்ளது. கௌதமரின் நியாய சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரை, அறிவின் மெய்ம்மை அதைப் பின்பற்றிய செயல் பயன் தருவதால் நிலைபெறுகிறது என்ற கருத்துடன் தொடங்குகிறது. அறிவு மெய்யென்று தெரிந்த பிறகுதானே ஒருவர் செயலில் இறங்குவார், செயலுக்குப் பிறகே மெய்ம்மை தெரியுமென்றால் எங்கே தொடங்குவது என்ற எதிர்வாதத்துக்கு, செயலில் இறங்க உறுதி தேவையில்லை, ஐயம் கலந்த அறிவே போதும் என்று நியாய மரபினர் விடையிறுத்தனர். மழை வருமென்ற உறுதி இல்லாமலேதான் உழவர் விதைக்கிறார். காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் வகுக்கும் மூன்று அளவைகளுள் கற்பவருக்கு முதலில் கிட்டுவது உரை, அதாவது நம்பத்தக்கவர் சொல். பயிற்றுநர் சொல்வதும் அத்தகைய சொல்லே. ஆனால் அவர் தம் காலையும் தாம் பழகிய கடலையும் வைத்தே பேசுகிறார் என்பதை மறக்கலாகாது. பிளந்த துடுப்பா, பிளவாத துடுப்பா என்று முக்குளிப்போரிடையே நடக்கும் ஓயாத வழக்கில் பெரும்பகுதி, ஒருவரது கால் மற்றவரது காலுக்காகச் சாட்சி சொல்வதால் விளைந்ததே.

கருவி சரியாக அமைந்தால் அது கவனத்திலிருந்து மறைந்துவிடும் என்ற மெய்யியலாளர் ஹைடெக்கரின் கருத்தும், பார்வையற்றவரின் கைத்தடி அவரது தொடு உணர்வின் நுனியாகிவிடுகிறது என்று மற்றொரு மெய்யியலாளர் மெர்லோ போன்டி 1945-இல் காட்டியதும், நல்ல துடுப்புக்கு ஓர் உரைகல்லைத் தருகின்றன: மறக்கப்படும் துடுப்பே பொருந்திய துடுப்பு. இவ்வுரைகல் பாதிதான் நம்பத்தக்கது. கைத்தடி முன்னால் செல்கிறது, துடுப்போ அணிந்தவரின் கண்ணுக்கு எட்டாமல் பின்னால் வருகிறது; அவர் அதை முற்றிலும் மறந்து மகிழ்ந்திருக்கும் அதே வேளையில் அது அடிமணலைக் கிளப்பலாம், மெல்ல வளரும் பவளக் கிளையை ஒடிக்கலாம். அணிந்தவரின் சுகம் பொருத்தத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே அறிவிக்கிறது; மறுபக்கத்தைப் பின்னால் நீந்துபவர் சொல்ல வேண்டும்.

ஆகவே தொடக்கநிலையில் எந்தத் துடுப்பு என்ற வினாவுக்கு ஒரு வகையின் பெயரை விடையாகச் சொல்வது தவறு. ஐயத்தோடு இறங்குபவருக்குத் தகுந்தது மீட்டுக்கொள்ளக்கூடிய செயல்: முதல் சில முக்குளிப்புகளில் வாடகைத் துடுப்புகளை மாற்றி மாற்றி அணிந்து, காலின் சொல்லையும் பின்னால் வருபவரின் சொல்லையும் கேட்ட பின்னரே வாங்க வேண்டும். இப்படி அணிந்து பார்த்துத் தீர்மானிப்பது புதிதும் அன்று: பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியூ 1933-இல் நீச்சல் துடுப்புக்குக் காப்புரிமை பெறுவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்பே, சிறுவனாயிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கைகளுக்குப் பத்து அங்குல நீளப் பலகைகளையும் உள்ளங்கால்களுக்குச் செருப்புப் போன்றவற்றையும் தாமே செய்து அணிந்து நீந்திப் பார்த்தார். நீரைத் தள்ளுவதில் பாதத்தின் உட்புறத்துக்கும் கணுக்காலுக்கும் பங்கு உண்டு, உள்ளங்கால் மட்டும் அதைச் செய்வதில்லை என்று நீந்தும்போது கண்டதால், காலில் அணிந்தவை தமக்கு நிறைவளிக்கவில்லை என்று அவர் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார்.