ஆக்கிமிடீசும் அறிஞனின் பொறுப்பும்

தூய அறிவை நாடும் அறிஞன், அவ்வறிவு உலகில் ஏற்படுத்தும் விளைவுகளுக்குப் பொறுப்பாளி ஆவானா? இவ்வினாவை ஆராயப் புகுவோர்க்குச் சிசிலித் தீவின் சிரக்கூசு நகரில் வாழ்ந்த கிரேக்க கணித மேதை ஆக்கிமிடீசின் வாழ்வு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

உரோமத் தளபதி மார்செலசு அந்நகரை முற்றுகையிட்டபோது, முதியவரான ஆக்கிமிடீசு அமைத்த பொறிகள் கற்களை வீசியும் கப்பல்களைப் பற்றித் தூக்கியும் பகைவரைத் திகைக்கவைத்தன எனப் பொலிபியசு குறிப்பிடுவார். எனினும், ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின் எழுதிய புளூட்டாக், பயன்கருதிய கலைகளை ஆக்கிமிடீசு இழிவாகக் கருதினார் என்றும், அப்பொறிகள் பற்றி நூலெழுத விரும்பவில்லை என்றும் கூறுவார். கோளத்தின் கனவளவு அதனைச் சூழ்ந்த உருளையினதில் மூன்றில் இரண்டு பங்கு என்ற தம் முடிபையே அவர் பெரிதும் போற்றினார். கி. மு. 75இல் சிசிலியிற் பணியாற்றிய சிசரோ, கோளமும் உருளையும் பொறித்த தூணைக் கொண்டே அவரது கல்லறையை இனங்கண்டார்.

பொறிகளை இழிவெனக் கருதியமையால் அவற்றின் விளைவிலிருந்து அவர் விடுபட்டாரா? இல்லை என்றே கூறல் வேண்டும். எறிந்தவன் மதித்தாலும் மதியாவிட்டாலும் கல்லின் பாரம் ஒன்றே. மேலும், புளூட்டாக் காட்டும் பிரிவினையும் ஐயத்துக்குரியது. 1906இல் ஹைபேர்க் என்ற அறிஞர் கொன்ஸ்தாந்திநோப்பிளில், பிரார்த்தனை நூலொன்றின் அடியில் அழிக்கப்பட்டுக் கிடந்த ஆக்கிமிடீசின் எழுத்துகளைக் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்றில், சில உண்மைகள் பொறியியல் முறையால் தமக்கு முதலிற் புலனாயின என்றும், பின்னரே கேத்திரகணித முறையால் அவை நிறுவப்பட வேண்டியிருந்தன என்றும் எரட்டோசுதீனிசுக்கு அவர் எழுதுகிறார். நெம்பும் நிறுவலும் அவரது சிந்தனையில் ஒன்றையொன்று சார்ந்தே நின்றன.

அவ்வாறாயின் அவர் குற்றவாளியா? முற்றுகைக்குட்பட்ட தம் நகரைக் காக்க முயன்றவரைக் குற்றவாளி எனல் பொருந்தாது. ஆயினும், அவரைக் காப்பது அவரது நோக்கத்தின் நியாயமேயன்றி, அவரது அறிவின் தூய்மையன்று. இவ்வேறுபாடு பெரிதும் கவனிக்கத்தக்கது. அதே பொறி பிறிதொரு நகரைத் தகர்க்கவும் உதவியிருக்கும். நீதி அநீதி அறியும் ஆற்றல் பொறிக்கு இல்லை.

கி. மு. 212இல் நகர் வீழ்ந்தது. பொறிகள் பழுதுபட்டமையால் அன்று. ஆட்டெமிசு விழாவின்போது மதிற்காவல் தளர்ந்தமையே உரோமர் உட்புக வழிசெய்தது. தளபதி காக்க விரும்பிய அறிஞரும் படைவீரன் ஒருவனாற் கொல்லப்பட்டார். கருவியை ஆக்குவோனின் மதிநுட்பம் அதனைக் கையாளும் சமூகத்தின் விழிப்புக்கு ஈடாகாது. ஆதலின், தன் அறிவு யாருக்காக, எதற்காகப் பயன்படுகிறது என வினவுவது அறிஞனின் கடமை; அவ்வினாவை அவனிடம் மட்டும் விட்டுவிடாதிருப்பது சமூகத்தின் கடமை.