மூச்சுக்கு ஏங்கும் பிறவி

பக் நாயின் மண்டையோடு பல தலைமுறைத் தேர்வினால் குறுகிவிட்டது. அதற்குள் இருக்கும் மென்திசு அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துவாரங்கள் மெல்லிய கீற்றாக ஒடுங்கிவிட்டன. மென்னண்ணம் நீண்டு குரல்வளையின் வாயை மறைக்கிறது. அடைத்த வழியில் காற்றை வலிந்து இழுத்து இழுத்து, குரல்வளையின் ஓரத்துச் சிறு பைகள் நாளடைவில் வெளியே பிதுங்கி, மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கின்றன. நாய் மனிதனைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை; பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இரைக்கும் வழியே அடைபட்ட நாய், வெயிலில் சிறிது தூரம் ஓடினாலும் மயங்கி விழலாம், சாகவும் கூடும்.

பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா ஆகியவற்றின் தொல்லை வேறு. அவற்றின் மூச்சுக்குழாயைத் திறந்து நிறுத்தும் குருத்தெலும்பு வளையங்கள் வலுவிழந்து தட்டையாகின்றன. வீட்டுக்கு ஆள் வந்த மகிழ்ச்சியில் குதித்தாலோ, கழுத்துப்பட்டை இறுகினாலோ, வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் கிளம்பும். இந்த இருமலை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. உருவம் சிறுத்த இனங்களோடு அது ஒட்டிக்கொண்டு வந்தது. பக் நாயின் தட்டை முகமோ விரும்பித் தேர்ந்தது. அறத்தின் கணக்கில் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தெரியாமல் நேர்ந்த கேட்டுக்கும், கேடு வரும் என்று தெரிந்தே அதன் காரணத்தை அழகென்று பேணுவதற்கும் தூரம் அதிகம்.

தெரிந்தே என்று எல்லோரையும் சொல்லிவிடவும் முடியாது. லண்டனின் ராயல் வெட்டினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சடைப்பு உறுதிசெய்யப்பட்ட நாய்களின் உரிமையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் நாய்க்கு மூச்சுக் கோளாறே இல்லை என்றார்கள். குறட்டையும் இரைப்பும் அந்த இனத்தின் இயல்பு என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். நாயை உயிராக நேசிக்கும் வீட்டிலேயே அதன் திணறல் கண்ணில் படாமல் போவதுதான் இதில் மிகவும் வேதனையானது.

தத்துவத்தின் கேள்வி இங்கே தொடங்குகிறது. திணறும் ஒரு பக் குட்டிக்கு, அதைப் பிறக்கவைத்தவர் தீங்கு செய்தாரா? செய்தார் என்றே எவரும் சொல்வார். மறுப்பு ஒன்று உண்டு. நீண்ட மூக்குள்ள பெற்றோரைத் தேர்ந்திருந்தால் பிறந்திருப்பது வேறொரு நாய். இந்தக் குட்டி பிறந்தே இருக்காது. இதன் வாழ்வில் திணறலோடு விளையாட்டும் பாசமும் உறக்கமும் இருக்கின்றன. பிறவாமையைவிட இந்த வாழ்வு மோசமில்லை என்றால், தீங்கு யாருக்கு நேர்ந்தது? ஆங்கிலேயத் தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984-இல் வெளிவந்த தம் நூலில் மனிதப் பிறப்பை வைத்து இந்தப் புதிரை விரிவாக ஆராய்ந்தார். எத்தனை உயிர் பிறக்கும் என்பது மாறாதபோது, குறைந்த நலத்தோடு வாழும் உயிரைத் தெரிவது நிறைந்த நலத்தோடு வாழும் உயிரைத் தெரிவதைவிடத் தாழ்ந்தது. குறிப்பிட்ட ஒருவருக்குத் தீங்கு நேர வேண்டும் என்பதில்லை. இதுவே அவர் முன்வைத்த வழி. நாய்க்கு இது அப்படியே பொருந்தும்.

அழியாத உயிரின் மறுபிறவியை ஏற்கும் மரபுகளில் இந்தப் புதிர் எழுவதே இல்லை. சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதி. உடல் அதற்கு வந்து சேர்வது. ஆகவே பக் உடலில் பிறந்த உயிர், அந்த உடல் இல்லாவிட்டால் இல்லாமலே போயிருக்கும் என்ற வாதம் அங்கே நிற்காது. அது வேறோர் உடலில், தடையற்ற மூச்சோடு பிறந்திருக்கலாம். ஆனால் இந்த மரபில் வேறொரு சாக்கு கிடைக்கிறது: அந்த உயிரின் வினை அதற்கு அந்த உடலைத் தந்தது, வளர்ப்பவர் வெறும் கருவி. இச்சாக்கை அதே சித்தாந்தம் ஏற்காது. அனுபவிப்பவருக்கு அது பழவினையின் பயனாகிய பிராரத்துவமாக இருக்கட்டும். செய்பவருக்கு அது புதிதாக ஏறும் ஆகாமியம். பிறர் வினையைக் காட்டித் தன் வினையைக் கழிக்க வழியில்லை.

சமணம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் கொல்லாமை நோன்பைக் கறைப்படுத்தும் குற்றங்களாக ஐந்தைச் சொல்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொல்லாமல் இருந்தால் மட்டும் நோன்பு நிறைந்துவிடாது என்பது இதன் உட்கருத்து. பிறக்கும் முன்பே உறுப்பைச் சிதைக்கும் தேர்வு இனப்பெருக்கம் அந்தப் பட்டியலில் பெயர் பெறவில்லை. ஆனால் சோற்றையும் நீரையும் மறுப்பது குற்றமானால் மூச்சைக் குறைப்பது எப்படிக் குற்றமாகாது?

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் வந்திருக்கிறது. நெதர்லாந்தில் 2019 முதல், மூக்கு மிகக் குட்டையான நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதில் கட்டுப்பாடு உண்டு. நார்வேயில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் 2022-இல் இங்கிலீஷ் புல்டாக், கேவலியர் இனங்களின் இனப்பெருக்கம் விலங்குநலச் சட்டத்துக்கு முரண் என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் மீதான தடை நீங்கியது. ஜெர்மனியில் பக் நாயை ரஸல் டெரியரோடு கலந்து மூக்கு நீண்ட குட்டிகளை ஈன வைக்கிறார்கள். இனத்தைக் காக்க வேண்டும் என்பவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது.

ஏற்கெனவே பிறந்துவிட்ட நாயிடம் கடமை வேறு. அதன் பிறப்பு சரியா என்று விசாரிப்பதால் அதற்கு ஒரு மூச்சும் கூடுதலாகக் கிடைக்காது. உடல் பருக்கவிடக் கூடாது. கழுத்துப்பட்டையைக் கழற்றி மார்பைச் சுற்றும் ஹார்னெஸ் பூட்ட வேண்டும். நடத்திச் செல்வது விடியலிலும் பொழுது சாய்ந்த பின்னும்தான். தூங்கும்போது மூச்சு நின்று நின்று வந்தாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோக வேண்டும். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும் அண்ணத்தைக் குறைக்கவும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. புதிதாகக் குட்டி வாங்க நினைப்பவர் அதன் தாயும் தந்தையும் ஓடிவிட்டு வந்து மூச்சு விடுவதை ஒருமுறை நேரில் பார்த்து, திணறல் கேட்டால் வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.