நான்காவது புட்டி

தீப்பெட்டி 144 சேர்ந்தால் ஒரு குரோசு என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்குச் சொல்லும் திருத்தங்கல்வாசிக்கும், சித்திரை வெயிலில் வீட்டு அடுப்பிலிருந்து நன்னாரிச் சர்பத்தை இறக்கிய பின், எத்தனை புட்டி வேண்டும் என்ற கேள்வி எழும்போது விரல்கள் சற்றே தடுமாறத்தான் செய்கின்றன. குச்சி எண்ணியபடியே கிடக்கும். திரவமோ அவ்வாறு அடங்கும் சுபாவமுடையதன்று.

நடுநரம்பு நீக்கி, இடித்து, இரவெல்லாம் ஊறவைத்துச் சுண்டக் காய்ச்சி வடித்த வேர்க் கஷாயம் 1 லிட்டர். அதில் சேர்வது 2 கிலோ சர்க்கரை. கஷாயத்தை மட்டும் கருதியவர் இரண்டு 750 மில்லிப் புட்டிகளைக் கழுவிக் கவிழ்க்கிறார். எடையையும் அளவையும் ஒன்றாகக் கூட்டி 3 லிட்டர் என்று கொண்டவர் நான்கைத் தேடுகிறார். உண்மை இருவருக்கும் இடையே, ஏறக்குறைய இரண்டேகால் லிட்டரில் நிற்கிறது. ஏனெனில் கரைந்த சர்க்கரை கண்ணுக்கு மறைகிறதே ஒழிய, தன் ஸ்தானத்தை விட்டுக்கொடுப்பதில்லை. கிலோவுக்கு 600 மில்லிக்குச் சற்று மேலாகவே இடம் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே அத்தகைய புட்டி மூன்று போதும் என்பது காகிதத்தின் தீர்ப்பு. ஆனால் கழுத்தில் இரண்டு விரற்கடை காலியிடம் விடாமல் தளும்ப ஊற்றி மூடியவர், மறுநாள் பிசுபிசுத்த அலமாரியில் எறும்புகளின் ஊர்வலத்தைத் தரிசிப்பார். தப்புக் கணக்குப் போட்டு நான்கைத் தேடியவரே கடைசியில் பிழைத்தார் என்பது கணிதத்தின் பரிகாசம்.

அந்த நான்காவது புட்டி பாதிகூட நிறைவதில்லை; விருந்தினர் வந்ததும் முதலில் திறக்கப்படுவது என்னவோ அதுதான்.